மறியலுக்குப் போன கஞ்சிப்பானை

சுருளிப்பட்டிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது செல்லையா டீக்கடையின் கரும்பலகைதான். சிலோனில் நம் தேயிலைத் தோட்டத்தில் பலகை என்றால் தோட்டத்துரை எழுதுவார், நாம் வாசிப்போம், அத்தோடு சரி. இங்கே ஒருவர் எழுதினால் அதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதுகிறார், அதற்கும் கீழே மூன்றாமவர் கிண்டல் எழுதுகிறார். எழுதியவர் யார் என்பது கையெழுத்தை வைத்தே ஊருக்குத் தெரியும். கப்பலேறி வந்து ஓடைக்கரை வரிசைவீடுகளில் குடியேறிய நாங்கள் மட்டும் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவோம்.

அருவிக்குப் போகிற பஸ் அப்போதெல்லாம் இந்த ஊரில் நிற்காது. ஒருநாள் பலகையில், ‘புதன்கிழமை பஸ் மறியல். கூட்டம் திரண்டு வருக. தலைக்கட்டுக்கு ஒரு ஆள்’ என்று எழுதியிருந்தது. தலைக்கட்டு என்றால் ஊர்க்கணக்கில் சேர்ந்த குடும்பம். அதற்குக் கீழே ஒருவர், ‘கூட்டம் வருமா, வருவார்களா? வாத்தியார் சொல்லவும்’ என்று கேட்டிருந்தார். ‘கூட்டம் வரும், கூட்டத்தார் வருவார்கள்’ என்று வாத்தியார் பதில் எழுதியிருந்தார். அதற்கும் கீழே, ‘மத்தியானச் சோத்துக்கு ரெண்டு பேருமே போயிருவாக’ என்று ஒரு கோணல் எழுத்து. சிரித்துவிட்டேன். ஆனால் எங்கள் வீடுகள் எந்தத் தலைக்கட்டிலும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

“நம்மளத்தான் கூப்பிடலையே” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஸ்ட்ரைக்குக்கு வெத்தலபாக்கு வச்சா கூப்பிடுவாங்க?” என்று கேட்டேன். அங்கே இந்தியாக்காரி என்றார்கள், இங்கே சிலோன்காரி என்கிறார்கள். இந்த ஊரிலாவது ஊரோடு ஊராக இருக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

லயத்து வரிசைவீடுகளில் ஸ்ட்ரைக் என்றால் எப்படி என்று தோட்டத்தில் கூட இருந்த உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் ஒரே பானை, ஒரே கஞ்சி. பெண்டு பிள்ளை எல்லாரும் அங்கேதான். கடைசிக் கரண்டியை யாரும் தொடமாட்டோம். வராதவர்கள் வந்தால் குடிக்கட்டும் என்று மூடி வைப்போம். எனக்குத் தெரிந்த போராட்டம் அது ஒன்றுதான். அதனால் புதன்கிழமை எங்கள் வரிசைவீடுகள் மொத்தமும் பாய், குழந்தை, பானை சகிதம் ரோட்டுக்குப் போய் இறங்கியது.

வீட்டுக்கு ஒரு ஆம்பளையாக உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். “என்னாத்தா, கல்யாண வீடுன்னு நெனச்சு வந்துட்டீகளா?” என்றார் செல்லையா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் ரோட்டோரம் மூன்று கல் கூட்டி அடுப்பை மூட்டினேன்.

உச்சி வெயிலில் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். கோணல் எழுத்துக்காரர் சொன்னது சரிதான். பேச வரவேண்டிய தாசில்தார் இன்னும் வரவில்லை. கஞ்சி தயாராக இருந்தது, ஆனால் எங்கள் பானையில் அவர்கள் கை வைப்பார்களா? யாரும் கிட்டே வரவில்லை. அப்போது அடுத்த தெருப் பேச்சியம்மா புருஷனைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். பானையைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “எனக்கு ஒரு கரண்டி ஊத்து” என்றாள். குடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்து, “வீட்ல சோறு ஆக்கல. இங்கன வந்து குடிங்க” என்றாள். அவர் வந்தார். பின்னால் செல்லையாவும் வந்தார். தாசில்தார் வந்தபோது ஒரு ஆள் குறையவில்லை.

மறுநாள் பலகையில் ‘ஊர் வென்றது’ என்று இருந்தது. கீழே, ‘வென்றதா, வென்றார்களா?’ அதற்கும் கீழே, ‘சிலோன்காரவுக இல்லேன்னா தோத்தது’. கடைசியில் செல்லையாவின் கொட்டை எழுத்து: ‘அவுகளும் ஊருதான்.’ நான் அங்கேயே நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

போன வாரம் ரேடியோவில் நம் மலைப்பக்கத்துத் தோட்டங்களில் ஸ்ட்ரைக் என்று சொன்னார்கள். என் கூடப்பிறந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மறுநாள் காலையில் எனக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை. புகையைக் காணோமே என்று பேச்சியம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒடம்பு சொகமில்லையா?”

“எங்க ஊர்ல ஸ்ட்ரைக்கு.”

அவள் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. “நம்ம ஊர்லயா? பலகையில ஒண்ணும் போடலையே.”

“அந்த ஊர்ல, சிலோன்ல.”

விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள். கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு வந்து, “நீ பத்தவைக்க வேணாம். எங்க அடுப்புல காச்சுனது, குடி” என்றாள். குடித்தேன். கடைசிக் கரண்டியை மட்டும் மூடி வைத்தேன். அந்நேரம் பிரட்டுக்களத்தில் அக்காவும் எனக்கு ஒரு கரண்டி மூடி வைத்திருப்பாள்.