அண்ணன் மேல் எழுதிய புகார்

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் இருக்க முடியாது. வெளியூர்ச் சொந்தம் வந்தால், எங்க ஊருத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க என்று சொம்பை நீட்டிவிட்டுத்தான் நலம் விசாரிப்போம். ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவில் அந்தப் பெருமை பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வந்தது. மீதி நாளெல்லாம் ஆழ்துளைக் குழாயில் இறைக்கிற போர் தண்ணீர்தான்.

முதலில் அது வெறும் உப்பாக இருந்தது. நான் வந்த நாலைந்து வருஷத்தில் லேசாக மஞ்சள் தட்டியது. துவைத்த வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாக இல்லை. வரிசையாய் ஒட்டியிருந்த எங்கள் பன்னிரண்டு லைன் வீடுகளில் எலுமிச்சை சாதத்துக்கு எலுமிச்சம்பழமே வேண்டாம் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்போம். சிரிக்காமல் வேறென்ன செய்வது? காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரு முக்கில் ஒரு பிளேட்டிங் பட்டறை. இரும்புச் சாமான்களை ஆசிட்டில் கழுவி, மருந்துத் தொட்டிகளில் முக்கிப் பளபளவென்று எடுப்பார்கள். கழுவிய தண்ணீர் பின்னாலிருந்த குழிக்குப் போகும். குழியிலிருந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்காமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. பட்டறைக்காரரைத் தெருவே அண்ணன் என்றுதான் கூப்பிடும். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது, வேனில் ஏற்றியிருந்த சரக்கை நடுத்தெருவில் இறக்கிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. பட்டறை நடந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் அண்ணனின் வீடு ஊருக்கு மேற்கே, மலைக்காற்று வருகிற பக்கம். பட்டறையில் அவர் குடிப்பதும் கேன் தண்ணீர். இந்த ஊரில் மில் வந்த காலத்திலிருந்து இப்படித்தான். காற்று வருகிற பக்கம் முதலாளி வீடு, கழிவு போகிற பக்கம் தொழிலாளி வீடு. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் ஒருமுறைகூட மாறி அமைந்ததில்லை.

மகளுக்கு எட்டு வயதில் கையிலும் காலிலும் அரிப்பு வந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்றப் பிள்ளைகள் தள்ளிப்போனார்கள். டாக்டரம்மா குளிக்கிற தண்ணீரை மாற்றச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னால், மண்ணில் விளையாடினால் அப்படித்தான் இருக்கும் என்றார் இவர். தண்ணீருக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கு அதன் முழு நீளத்தையும் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே பன்னிரண்டு வீட்டுப் பெண்களையும் கூட்டி மனு எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களின் மரியாதை இருக்கிறதே, அது ஒரு தனி வியாதி. விஷம் என்று எழுதினேன். அய்யோ, அண்ணன் மனசு சங்கடப்படுமே என்று அதை நிறம் மாறிய தண்ணீர் என்று மாற்றினார்கள். பட்டறையை இங்கிருந்து எடுக்க வேண்டும் என்றேன். எடுத்தால் நல்லது என்று ஆனது. பக்கத்து வீட்டு அக்கா கடைசியில் ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றார்: 'அண்ணன் அவர்களின் தொழில் மேன்மேலும் வளர வாழ்த்துகிறோம்.' புகாரில் யாராவது வாழ்த்துவார்களா என்று கத்திப் பார்த்தேன். பதினோரு பேரும் வாழ்த்தத்தான் வேண்டும் என்றார்கள். அண்ணன் காதில் போடாமல் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கொடுப்பது முறையில்லை என்று ஒரு நகலை அவருக்கே கொடுத்தனுப்பினார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கச் சொல்லாதது என் அதிர்ஷ்டம்.

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு என் வீட்டுக்காரரிடமும் நீட்டினேன், அவர் போடவில்லை. பட்டறையை மூடிவிட்டால் இந்த வயதில் எவன் எனக்கு வேலை தருவான் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மகளின் கையைப் பார்த்தால் கோபம் வந்தது, இவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாலு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் அந்த நகல் இருந்தது. கோபமில்லை, முகம்தான் வாடியிருந்தது. நேராகவே கேட்டார். இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் ஆபீஸ்காரர்கள் சீல் வைத்துவிடுவார்கள், வேலை செய்கிற அத்தனை பேரும் எங்கே போவார்கள், கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்றார். இவர் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

என்ன சண்டையானாலும் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்காமல் எங்களுக்குப் பேச வராது. உள்ளே ஓடினேன். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் எவர்சில்வர் குடத்தில் இருக்கும், போர் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்தில் இருக்கும். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த குடத்தில் சொம்பை முக்கி எடுத்து நீட்டினேன். வேண்டுமென்றே செய்தேன் என்று தெரு இன்றைக்கும் சொல்கிறது. சத்தியமாக இல்லை. அத்தனை சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் மனுவை ஒழுங்காக எழுதியிருப்பேன்.

அண்ணன் சொம்பை அண்ணாந்து தூக்கினார். நான் பிளாஸ்டிக் குடத்தில் மொண்டதைப் பார்த்திருந்த என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டார். தண்ணீர் அண்ணன் சட்டையெல்லாம் கொட்டியது.

"குடிக்காதீங்ணா! அது போர் தண்ணி."

சொம்பு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அண்ணன் ஈரச் சட்டையோடு இவரையே பார்த்தார்.

"இத்தன நாளா எங்கிட்ட நல்ல தண்ணின்னு சொல்லிப்போட்டியேப்பா?"

"உங்களுக்கோசரம் சொன்னனுங்ணா," என்றார் இவர்.

இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் கதவோரம் நின்ற என் மகளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். குழந்தை இதில்தான் குளிக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை நீள வாய்க்கு அந்த ஒரு சொல்தான் வந்தது. அவர் பையிலிருந்த நகலை எடுத்தார். ஓரமெல்லாம் நனைந்திருந்தது. பிரித்து என் முன்னால் வைத்தார்.

"கடைசி வரிய மட்டும் அடிச்சுப்போடு அம்மணி. மிச்சத்தக் கொண்டுபோய்க் குடு."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் மனுவை வாங்கிப் பன்னிரண்டு பேருக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். நான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது எந்த வரி வேண்டாம் என்று சண்டை போட்டேனோ, அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே கொடுத்தோம். ஆபீசில் வாங்கியவர் படித்துவிட்டு, இது புகாரா அழைப்பிதழா என்று கேட்டார். புகார்தானுங்க என்றேன்.

அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு பட்டறை ஊருக்கு வெளியே, கழிவைச் சுத்தம் பண்ணுகிற வசதியுள்ள இடத்துக்குப் போனது. இவர் இப்போது ரெண்டு பஸ் மாறி அங்கேயே வேலைக்குப் போகிறார். குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது. மகள் கை ஆறிவிட்டது, முழங்கைப் பக்கம் மட்டும் தழும்பு இருக்கிறது. அவள் காலேஜுக்குக் கிளம்பும்போது முழுக்கைச் சட்டையாகத் தேடிப் போடுவாள்.

போர் தண்ணீர் இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது. மண்ணுக்குள் போனதை எந்த ஆபீசாலும் திருப்பி எடுக்க முடியவில்லை. அண்ணன் தீபாவளிக்குத் தவறாமல் வருவார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், எந்தக் குடத்தில் மொள்ளுகிறேன் என்று இவர் எட்டிப் பார்ப்பார். அண்ணன் மட்டும் பார்ப்பதில்லை. நான் எதைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார்.