ஏழு கையெழுத்துக்கு நான் பட்ட பாடு

கலைமன்றம் ஒன்றில் கலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. கடிதம் டைப் அடிப்பது, கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவது, வந்தவர்களுக்கு டீ சொல்வது, அவர்கள் பேசியதையெல்லாம் பேசாத மாதிரி மரியாதையாக மினிட் புக்கில் எழுதுவது. திருவண்ணாமலையில் பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். நீங்களும் ஏதாவது சங்கத்திலோ அபார்ட்மென்ட் கமிட்டியிலோ மினிட் புக்கோடு மாரடித்தவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு நான் கதை விடுவதாகத்தான் தோன்றும்.

ஒரே ஒரு தாள்

எங்கள் மன்றத்துக்குக் கமிட்டி மெம்பர்கள் பதினோரு பேர், ஆலோசகர்கள் பதினாலு பேர், ஹால் ஒன்று. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த ஹால். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கலைமதி டீச்சர் அங்கே முப்பத்திரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுப்பார். இடத்துக்காரர், பிள்ளைகள் ஆடட்டும் என்று வாய் வார்த்தையாகக் கொடுத்தது. பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. அவர் போன வருஷம் இறந்துவிட்டார்.

சித்திரையில் அவருடைய பெரிய மகன் பெங்களூரிலிருந்து வந்தார். நல்ல மனுஷன். வாடகையே வேண்டாம், அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்றார். ஆனால் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கப் போகிறார்கள். சின்னவருக்கு அதைச் செங்கம் ரோட்டில் யோகா நடத்துகிறவர்களுக்கு விட ஆசை. அவர் வாயை அடைக்க, இன்னும் ஐந்து வருஷம் ஹாலை நடன வகுப்புக்கு மட்டுமே வைத்துக்கொள்வோம் என்று மன்றம் ஒரு தீர்மானம் எழுதி, ஏழு கமிட்டி மெம்பர்கள் கையெழுத்துப் போட்டு, ஆனி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாசம் இருக்கிறதே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கிளம்பும்போது அவர் சொன்னார்:

"ஒரே ஒரு தாள்தாம்மா. இதுல என்ன இருக்குது?"

முதலில் யார்?

தாளை டைப் அடித்து, முதலில் தலைவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். நான் முதலில் போட்டால் தலைவர் தன்னிஷ்டத்துக்கு முடிவு பண்ணிவிட்டார் என்று பேசுவார்கள், மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டு வா, மேலே என் இடத்தை மட்டும் காலியாக விட்டுவை என்றார்.

துணைத்தலைவர் வீடு வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மேலே காலியாக இருக்கிற தாளில் கீழே கையெழுத்துப் போடுகிற பழக்கம் தன் சர்வீஸிலேயே கிடையாது என்று டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பொருளாளர், துணைத்தலைவர் போட்டால் நான் போடுகிறேன் என்றார். மற்றவர்கள் பொருளாளரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அக்னி நட்சத்திர வெயிலில், ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியாத சூட்டில், இரண்டு வாரம் ஊரைச் சுற்றினேன். திரும்பத் தலைவரிடமே போய், உங்களுக்கு முன்னால் போட மாட்டேன் என்கிறார்கள் சார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா ஜெயந்தி, எனக்கு எவ்ளோ மரியாதை வெச்சிருக்காங்கனு!"

குறித்துக் கொடுத்த நாள்

சரி, எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் வாங்கிவிடலாம் என்று கூட்டம் போட ஏற்பாடானது. எங்கள் ஆலோசகர்களில் நாள் பார்த்துக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பஞ்சாங்கத்தைப் புரட்டி, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். சார், அன்னைக்குப் பௌர்ணமி என்றேன். பௌர்ணமியில் தொடங்குகிற காரியம் பூரணமாக முடியும் என்றார். தலைவரும் தலையாட்டினார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷர்கள்! பௌர்ணமி என்றால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆட்டோ நகராது, தெருவெல்லாம் கிரிவலத்துக்கு வந்த ஜனம் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வேங்கிக்காலில் இருந்து துணைத்தலைவர் கிளம்பவே முடியவில்லை. பொருளாளர் பாதி வழி நடந்து, கால் வலித்துத் திரும்பிவிட்டார். அடி அண்ணாமலையில் இருக்கிற மெம்பர் ஜனத்தோடு ஜனமாக நடக்கத் தொடங்கி, இவ்வளவு தூரம் வந்தாச்சே, அப்படியே மலையைச் சுற்றி முடித்துவிடுகிறேன் என்று போனில் சொன்னார். வந்த மெம்பர்கள் மூன்றே பேர். ஆலோசகர்கள் மட்டும் ஆறு பேர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கையெழுத்து செல்லாது. முப்பது பேருக்குச் சொன்ன போண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாள் குறித்தவர் இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"நாள்ல குறையே இல்லம்மா. ஜனங்கதான் ஜாஸ்தி."

நாலு மணிக்கு வைக்கச் சொன்னவர்

இந்தப் பதினோரு பேரில் ஹாலுக்குள் வந்து பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறவர் ஒருவர்தான் இருந்தார். நயினார் ஐயா. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே இருக்கிற சமணக் குடும்பம், எண்பதைத் தாண்டியவர். சனிக்கிழமை காலையில் வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்காருவார். தாளம் ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தால், பிள்ளைங்க வழுக்கி விழுந்துடப் போவுது என்று அவரே சாக்கு விரித்துப் போடுவார். ஆனால் கூட்டத்துக்கு வருவதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர், அதற்கப்புறம் தண்ணீர்கூடத் தொட மாட்டார். எங்கள் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கிப் பேச்சு பேச்சாக இழுக்கும். அந்த உடம்புக்கு அவ்வளவு நேரம் தாங்காது.

என் தாளைப் பார்த்ததும், யார் மேலே யார் கீழே என்று கேட்காமல், நடுவில் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். அதையும் துணைத்தலைவர், வீட்டில் வாங்கினது செல்லாது, கூட்டத்தில் உட்கார்ந்து போட வேண்டும் என்று திருப்பிவிட்டார். நயினார் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. நாலு மணிக்கு வைக்கச் சொல்லும்மா, வந்து போட்டுட்டு பொழுதோட வீட்டுக்குப் போயிடறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப் போய்த் தலைவரிடம் கேட்டேன். பகல் தூக்கம் கலைந்த எரிச்சலில் இருந்தார்.

"ஒருத்தருக்காக நேரத்தை மாத்தினா, அப்புறம் மன்றத்துக்குனு என்னா ஒழுங்கு இருக்குது?"

அஜெண்டாவில் முதலாவது

ஆனி கடைசி வாரத்தில் நயினார் ஐயா இறந்துபோனார். காலையில் எழுந்திருக்கவில்லை என்றார்கள். கலைமதி டீச்சர் அந்த வாரம் வகுப்பு எடுக்கவில்லை.

ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது கடைசிக் கூட்டம். இந்தத் தடவை நான் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை போன் பண்ணினேன், வேங்கிக்காலுக்கு நானே ஆட்டோ அனுப்பினேன். எட்டு மெம்பர்கள் வந்துவிட்டார்கள்! ஆலோசகர்கள் ஒன்பது பேர். நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பெஞ்சை இழுத்துப் போட்டோம். அஜெண்டா டைப் அடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒன்று, நயினார் ஐயா மறைவுக்கு இரங்கல். இரண்டு, ஹால் தீர்மானம். மூன்று, இதர விஷயங்கள்.

எழுந்து நின்று மௌனம் காத்தோம். தலைவர் பேசும்போது குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். துணைத்தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டேதான் இரங்கல் தீர்மானத்தை எழுதினேன். எழுதி முடித்து, ஹால் தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றித் தலைவர் முன்னால் வைத்தேன். அவர் மினிட் புக்கை மூடினார்.

கமிட்டி மெம்பர் ஒருவருக்கு இரங்கல் நிறைவேற்றினால், அவருக்கு மரியாதையாக அன்றைக்கு வேறு எந்த விஷயத்தையும் எடுக்காமல் கூட்டத்தை ஒத்திவைப்பது எங்கள் மன்றத்து வழக்கம். எனக்குத் தெரியாதா? இதே கையால் மூன்று தடவை எழுதியிருக்கிறேன், 'மறைந்தவருக்கு மரியாதை செலுத்தும் வகையில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று. ஆனாலும் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் இரங்கலை முதலாவதாக அடித்துவிட்டேன். அதைக் கடைசியில் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஏழு கையெழுத்தும் விழுந்திருக்கும். அவர்களைக் குறை சொல்லிக் குறை சொல்லி இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். இந்தத் தப்பு என்னுடையது.

சார், இன்னும் நாலு நாள்தான் இருக்குது, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுங்க என்று கெஞ்சினேன். காரியம் முடியட்டும் என்றார் ஒருவர். அதுக்குள்ள ஆடி பொறந்துடும், ஆடியில எதுவும் எடுக்கக் கூடாது, ஆவணியில வெச்சுக்கலாம் என்றார் நாள் குறிக்கிற ஆலோசகர். எட்டுப் பேரில் ஒருவர்கூட வேறு மாதிரி சொல்லவில்லை. தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஈவிரக்கம் இல்லாதவளைப் பார்க்கிற மாதிரி.

"அவரு போன துக்கத்துல ஹாலைப் பத்திப் பேசறது, அவருக்கு செய்ற மரியாதையா ஜெயந்தி?"

டீச்சருக்கு ஒரு கடிதம்

பெங்களூர்க்காரர் ஆடி பிறந்து ஒரு வாரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவராலும் தம்பியிடம் பேச முடியவில்லை. ஹால் போய்விட்டது. அங்கேயே இருந்த ஆபீசைத் தலைவரின் லாட்ஜில் ஒரு பின்பக்க ரூமுக்கு மாற்றிக்கொண்டோம். ஆவணியில் சொன்ன மாதிரியே கூட்டம் நடந்தது. முழுசாக ஒரு தீர்மானமும் நிறைவேறியது. கலைமதி டீச்சரின் சேவையைப் பாராட்டி அவரை மன்றத்தின் ஆலோசகராக நியமிக்கிறோம் என்று. முதல் தடவையாகத் தலைவர், யார் யார் போட்டார்கள் என்று கேட்காமல் முதலில் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நான்தானே. டீச்சர் வேங்கிக்காலில் ஒரு மாடிப் போர்ஷனில் வகுப்பு நடத்துகிறார் என்று விசாரித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் மிச்சம். மற்றவர்களுக்கு இரண்டு பஸ் மாறி வர முடியவில்லையாம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை, லீவு போலிருக்கிறது என்று நினைத்துத்தான் கதவைத் தள்ளினேன். ஒன்பது பிள்ளைகளும் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். கால் மட்டும் அசையவில்லை. சலங்கையெல்லாம் மூலையில் ஒரு கட்டைப்பைக்குள் கிடந்தது.

டீச்சர் கடிதத்தைப் படித்து, மடித்து, ஜன்னல் மேல் வைத்தார். நான் அஜெண்டா விஷயத்தை மறைக்காமல் சொன்னேன், இரங்கலை நான்தான் முதலில் போட்டேன் என்று. ஐயாவுக்கு மரியாதைனு சொல்லியா தள்ளி வெச்சாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை. எதற்கு டீச்சர் பிள்ளைகள் இப்படி நிற்கிறார்கள் என்று கேட்டேன். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கால் சத்தம் கேக்கக் கூடாதுனு கீழ் வீட்டம்மா சொல்லியிருக்காங்க. அதான், கையை மட்டும் சொல்லிக் குடுக்கறேன்."

எங்கள் மன்றத்துக்கு இப்போது ஆலோசகர்கள் பதினைந்து பேர். அவர்களில் ஆடத் தெரிந்த ஒரே ஒருவருக்குக் கால் தட்ட இடமில்லை என்பதைத் தவிர நிர்வாகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.