அத்தை பூட்டிய எஞ்சின்

எங்கள் வீட்டு மொபெட்டுக்கு மதகு ஏற வராது. நன்னிலத்திலிருந்து உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வரும் தாத்தா, ஒவ்வொரு வாய்க்கால் மதகுக்கு முன்னாலும் இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டே மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் போனதும் ஏறிக்கொள்வார். வண்டி அவரைச் சுமக்கிறதா, அவர் வண்டியைச் சுமக்கிறாரா என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்த வண்டியைத்தான் அத்தை ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் பிரித்துப் போட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போய்த் தனியாகத் தங்குவதா என்று தாத்தா மறுத்துவிட்டார். தாத்தா கெட்டவரில்லை. அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து வளர்ந்தவர், பின்னால் சொந்தமாக நிலம் வாங்கியவர், மகளைப் படிக்கவைக்க யாரிடமும் யோசனை கேட்காதவர். படிப்பு வரைக்கும் அவருக்குத் துணிச்சல் இருந்தது. படித்து முடித்த மகளை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அத்தைக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் அவளால் உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். துணி காயப்போடப் போனவள் பாதியில் விட்டுவிட்டு ரோட்டோரம் போய் நிற்பாள். பஸ் வந்தால் அது வளைவில் மறையும்வரை பார்ப்பாள். டிவியைப் போடுவாள், அணைப்பாள். ஓடாத மின்விசிறியைக் கழற்றி ஓடவைத்தாள். பிறகு ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் கழற்றினாள். அப்போது நான் நாலாம் வகுப்பு. அத்தை எங்கே போனாலும் பின்னாலேயே போவேன். என்ன நடக்குமோ என்ற பரபரப்பு அவளிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

மொபெட்டில் வைக்கப் பெரிய எஞ்சின் ஒன்று எதிர்வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டு அண்ணன் சிங்கப்பூருக்குப் போனபிறகு அவர் ஓட்டிய பெரிய பைக் வைக்கோல்போர் ஓரம் துருப்பிடித்துக் கிடந்தது. ஒருகாலத்தில் அது கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போது அதன் டேங்குக்கு அடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அத்தை கேட்டதும் அந்த அண்ணனின் அம்மா, "தாராளமா எடுத்துட்டுப் போம்மா. கோழிக்குத்தான் வேற எடம் பாக்கணும்" என்றார்.

மொபெட்டின் எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான், பைக்கின் எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பூனையும் எருமையும்போல இருந்தன. பெரியதைச் சின்னதன் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். ஒரு போல்ட்கூட ஓட்டையோடு பொருந்தவில்லை. அத்தை பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்து, ஓட்டைகளைப் பேனாவால் குறித்தாள். குடவாசலில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு அந்த அட்டையை எடுத்துப்போய் அதே அளவில் இரும்புப் பட்டை வெட்டி வாங்கினாள். பின்சக்கரமும் அந்தப் பைக்குடையதையே போட்டாள். அது உள்ளே போக வழியில்லாமல் சட்டத்தை அறுத்து, அகலப்படுத்தி, குழாய் வைத்து மறுபடி பற்றவைத்தார்கள்.

வெல்டிங்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இவ்வளவு செஞ்சிட்டீங்க. பிரேக்கு?"

"முன் பிரேக்கு பழசுதாண்ணே. அப்பறம் மாத்திக்கலாம்" என்றாள் அத்தை.

செயின்தான் அவளை அழவைத்தது. மாட்டினால் கழன்றுகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் முழுவதும் தரையில் படுத்து, முன் பல்சக்கரத்திலிருந்து பின் பல்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தாள். நூலின் ஒரு முனை என் கையில் இருந்தது. ஒரு விரல்கடை விலகியிருந்தது. அத்தை ஸ்பேனரைச் சுவரில் எறிந்துவிட்டு வெளியே போனாள். பசு மிரண்டு என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஸ்பேனரைத் தேடி எடுத்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

வண்டி முதன்முதலாகக் கிளம்பிய அன்று கொட்டகை முழுக்க நீலப் புகை. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் மோட்டார் வெடித்துவிட்டதென்று நினைத்துத் தாத்தா வயலிலிருந்து ஓடிவந்தார். புகைக்கு நடுவே அத்தை ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாத்தா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மதகு ஏறுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஏறியது. மதகில் இருந்தவர்கள் விலகவேண்டியிருந்தது. என்னை மட்டும் அம்மா அதில் உட்காரவிடவே இல்லை. "அதுல ஏறுன, காலை ஒடிச்சிடுவேன்" என்பாள். நான் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அம்மா அசையவில்லை.

இதற்கிடையில் தாத்தாவுக்கு அறுபது வயது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. எங்கள் குடும்பத்தில் அது யாருக்கும் நடந்ததில்லை. அந்த விசேஷத்துக்கே ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாக ஏற்பாடு. தற்செயலாகச் சந்தித்ததுபோல அத்தையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தற்செயலுக்கு என்ன புடவை கட்டுவது என்று வீட்டில் பத்து நாளாகப் பேச்சு நடந்தது. அத்தை எதிலும் கலந்துகொள்ளவில்லை. கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அன்று விடியும்போது வேன் வந்தது. எல்லோரும் ஏறிய பிறகு அத்தை சொன்னாள், "நீங்க முன்னாடி போங்க. மாட்டக் கறந்து பாலை சொசைட்டியில ஊத்திட்டு வண்டியில வந்துடறேன்."

தாத்தா முறைத்தார். ஆனால் பால் ஊற்றத்தானே வேண்டும். அப்போதுதான் அம்மா, மடியில் உட்கார்ந்திருந்த என்னைத் தூக்கிக் கீழே இறக்கினாள்.

"இவளையும் ஏத்திக்கிட்டு வா. வேன்ல இவளுக்கு வாந்தி வரும்."

எனக்கு வேனில் வாந்தி வந்ததே இல்லை. அத்தை அம்மாவைப் பார்த்தாள். "வேணாம் அண்ணி. இவ எதுக்கு?"

"இருக்கட்டும். உனக்குத் துணையா இருக்கும்" என்றாள் அம்மா. சொன்னதோடு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "அத்தை இடுப்போட சேத்துக் கட்டிக்க" என்றாள். அம்மா மனம் மாறிவிட்டாளே என்று நான் குதித்தேன்.

பேரளம் தாண்டியதும் ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல்கள். நடவுக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாங்கள் அடுத்த ஊரில் இருந்தோம். காற்றில் என்னால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அத்தை ஏதோ பாடினாள். எஞ்சின் சத்தத்தில் அவள் முதுகின் அதிர்வுதான் என் கன்னத்துக்குக் கேட்டது.

மாயவரத்தில் கிழக்கே திரும்பவேண்டும். அது எனக்கே தெரியும், முன்பே பஸ்ஸில் போயிருக்கிறேன். திரும்புகிற இடத்தில் அத்தை வேகத்தைக் குறைத்தாள். ஒரு காலை ஊன்றினாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் கியரைப் போட்டு நேராகப் போனாள்.

வைத்தீஸ்வரன்கோயில் போனது. சீர்காழி போனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் கிடைக்கிறதே என்ற சந்தோஷம்தான். கடைசியில் ஒரு பெரிய பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. அத்தை இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவுமில்லை. கீழே நுங்கும் நுரையுமாக ஆறு. அவ்வளவு அகலமான ஆற்றை நான் பார்த்ததில்லை.

"அத்தை, இதான் கடையூரா?"

"இல்லடி. கொள்ளிடம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"செதம்பரம். அப்பறம் கடலூரு. அப்பறம் போய்க்கிட்டே இருக்கலாம்."

"பெட்ரோல் இருக்கா?"

அவள் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். குரல் வேறுமாதிரி இருந்தது. பஸ்கள் எங்களைக் கடந்து பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் கை ஆக்சிலேட்டரை முறுக்கும், விடும், மறுபடி முறுக்கும். அவள் இடுப்போடு கட்டியிருந்த துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

"பசிக்குது அத்தை" என்றேன்.

அவள் வெகுநேரம் ஆற்றையே பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள். பக்கத்துக் கடையில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. நான் கை கழுவியதும் வண்டியைத் திருப்பினாள்.

திரும்பும்போது பாட்டு இல்லை. வேகம் மட்டும் இருந்தது. பூம்புகார் வழியாகக் குறுக்கே வந்தோம். ஆக்கூரை நெருங்கும்போது ஒரு வளைவில் ரோடு முழுக்க வாத்துகள். மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிற மந்தை. அத்தை பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரம் வழுக்கியது. முன் பிரேக், உரமூட்டை வேகத்தில் போகிற வண்டிக்குச் செய்தது. அத்தை ஹேண்டிலை ஒடித்தாள். அடுத்த நொடி நாங்கள் மூன்று பேரும், அதாவது அத்தையும் நானும் வண்டியும், ஒரு நாற்றங்கால் சேற்றில் கிடந்தோம்.

வாத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டே ஓடிவந்தார். "கண்ணு தெரியல? ஒரு வாத்து செத்திருந்தா?" என்று கத்தியவர், பெண்ணையும் குழந்தையையும் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டு, "அடி பட்டுச்சாம்மா?" என்றார். அடியொன்றும் இல்லை. சேறு எங்களைத் தாங்கிக்கொண்டது. வண்டியைத் தூக்க அவரும் கைகொடுத்தார். இரண்டாவது உதையில் அது கிளம்பியதும் அத்தை தோற்றவளா ஜெயித்தவளா என்று சொல்லமுடியாத ஒரு முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

கோயில் வாசலில் எங்களைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அபிஷேகத் தண்ணீர் ஊற்றி, தாலி கட்டி, எல்லாம் முடிந்திருந்தது. தாத்தாவும் அப்பாயியும் மாலையோடு நின்றார்கள். தற்செயலாக வந்தவர்கள் பட்டுப்புடவையில் வரிசையாக நின்றார்கள். நாங்கள் தலைமுதல் கால்வரை சேறு.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார் தாத்தா.

"வழி தப்பிடுச்சுப்பா."

மாப்பிள்ளை மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "இதுல இருக்கறது பெரிய பைக் எஞ்சினா? எப்படிங்க உள்ள உக்கார வச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். அவருடைய அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

அம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "எதுவரைக்கும் போனீங்க?" என்றாள்.

"பெரிய ஆத்துப் பாலம்."

"பாலத்துல ஏறுனீங்களா?"

"இல்ல. எனக்குப் பசிச்சுது."

அம்மா என் தலையில் தண்ணீரை ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள். சேறு போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று நான் பயணி இல்லை, கயிறு என்பது எனக்குத் தெரிய எத்தனையோ வருடம் ஆயிற்று. பாலத்தில் ஏறியிருந்தால் அத்தை தாத்தாவுக்கு ஓடிப்போன மகளாகியிருப்பாள். ஊரில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறந்திருக்காது. அம்மா கயிற்றைக் கட்டிவிட்டதோடு நிற்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் தாத்தா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். தாத்தா சிலநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அம்மா மறுநாளும் பேசினாள்.

தை அறுவடை முடிந்த ஒரு காலையில் அத்தை ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டார். தாத்தா பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் தெரிந்ததும், "போனதும் போன் பண்ணு" என்றார். அத்தையும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஒரே ஆத்திரம். அவ்வளவு பாடுபட்டு, செயினுக்கு நூல் பிடித்து, ஊரே விலகும்படி ஒரு வண்டியைச் செய்துவிட்டு, இப்படி எல்லோரையும்போல பஸ்ஸில் ஏறுகிறாளே.

"அன்னிக்கே வண்டியில போயிருந்தா இந்நேரம் எப்பவோ போய்ச் சேந்திருக்கலாம்ல அத்தை?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தாத்தா திரும்பிப் பார்த்தார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாதான் சட்டென்று என் வாயைப் பொத்தி, "பஸ் நிக்காது, ஏறு ஏறு" என்று அத்தையைப் படியில் ஏற்றினாள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அம்மா என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே, மூச்சுமுட்ட அந்தக் கைக்குள் நின்றிருந்தேன்.