வானகரம் மண்டபத்தில் ஒரு ‘ஒன்மோர்’

கேமரா திரையில் ‘கார்டு எரர்’ என்று வந்தபோது மதியம் ஒன்றரை மணி. கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். அதே எழுத்து.

பூந்தமல்லி டெய்லர் காதர் பாயின் மகளுக்கு அன்று வானகரம் மண்டபத்தில் வலிமா என்கிற கல்யாண விருந்து. பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று பட்டாபிராமிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். கால் மணி நேரத்துக்கு முன்புதான் ஒரு நடிகை வந்து மேடையேறி வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். பெயர் வேண்டாம், டிவி இருக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த முகம். அவருடைய முதல் படத்தில் வேறு யாருக்கோ தைத்த உடையைக் கொடுத்துவிட்டார்களாம். காஸ்ட்யூம் டெய்லராக இருந்த பாய், செட்டிலேயே தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, அவர் அளவுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதை மறக்காமல் நடிகை வந்திருந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் ஹாலே எழுந்துவிட்டது. ஆளுக்கொரு செல்போனோடு மேடையில் ஏறியதில் மணப்பெண் ஓரத்துக்குத் தள்ளப்பட்டாள். நடிகை அவள் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். “இன்னைக்கு ஹீரோயின் இவங்கதான். நான் கெஸ்ட் ரோல்” என்றார். கீழிருந்து பாயையும் வரவழைத்தார். பன்னிரண்டு படம் எடுத்தேன். பன்னிரண்டும் அந்தக் கார்டில். என் கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும்.

வீட்டுக்குப் போய் ரெகவரி போட்டுப் பார்க்கலாம். வரலாம், வராமலும் போகலாம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் நடிகை இன்னும் மண்டபத்தில்தான் இருந்தார். புதுக் கார்டைப் போட்டுக்கொண்டு டைனிங் ஹாலுக்கு ஓடினேன்.

பிரியாணி பாதி சாப்பிட்டிருந்தார். அவருடைய மேனேஜர் குறுக்கே வந்தார். “மேடத்துக்கு அடுத்த ப்ரோக்ராம் இருக்கும்மா. அதான் எடுத்துட்டீங்கள்ல?”

“எடுத்தது எதுவும் பதிவாகல சார். கார்டு போயிடுச்சு.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. நடிகை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏன் பயப்படுறீங்க? நான் சொதப்பி எத்தனை ஷாட் ஒன்மோர் போயிருக்கு தெரியுமா? ஒருத்தர்கூட என்னைத் திட்டல” என்றவர், இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுபடி மேடை. இந்த முறை பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டதால் பதற்றம். ஆதார் கார்டுக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டு நின்றார். “பாய், கொஞ்சம் சிரிங்க” என்றால் இன்னும் விறைத்தார். நடிகை அதைக் கவனித்துவிட்டு, மெல்லக் கையை நீட்டினார்.

“பாய், இந்தக் கை லூஸா இருக்கா பாருங்க.”

அவ்வளவுதான். மேடை, கூட்டம், கேமரா எல்லாம் பாய்க்கு மறந்துபோனது. சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து, அவருடைய சுடிதார் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். “அத்தா, இங்கயுமா!” என்று மணப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நடிகையும் சிரித்தார். அந்த ஒரு நொடியை எடுத்தேன்.

பிறகு இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கினேன். ஆனால் அன்று கற்றது அது இல்லை. தப்பு நடந்தால், சரிசெய்யக்கூடியவர் எதிரில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பெரிய மனிதர்கள் கோபப்படுவார்கள் என்று நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. கேமராவுக்கு முன் ஒருவரை இயல்பாக்குவது எப்படி என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

ஆல்பத்தைப் பூந்தமல்லியில் பாயின் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நெசமாலுமே அரை இன்ச்சு லூசா கீதும்மா,” என்றார். “எவன் தச்சான் இத?”