தச்சர் பனியில் உட்கார்ந்த அத்தியாயம்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், என் வாசிப்பை உட்கார்ந்து கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்: என் அத்தை, அப்பாவின் தங்கை. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பட்டாளத்துக்காரரான மாமா, வடக்கே ஏதோ மலையுச்சியில் காவல் நின்ற இடத்தில் பனியில் புதைந்து இறந்துபோனார் என்று முந்தின வருடம் தகவல் வந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை. அத்தை அதை நம்பவில்லை.

அவள் நம்பாததிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழி விடியலில் திராட்சைப் பந்தல்மேல் இறங்குவது. பிஞ்சு உதிருமே என்று அப்பா விடியும் முன்பே தோட்டத்துக்கு ஓடுவார். வெயில் ஏறினால் பனி இருந்த இடம் தெரியாது. ஆளுக்கு மிஞ்சிப்போனால் சளி பிடிக்கும். மற்ற பனியை நாங்கள் பார்த்தது சினிமாவில்தான். அங்கே கதாநாயகி மெல்லிய சேலையும் கையில்லாத ரவிக்கையுமாக ஆடுகிறாள், ஒரு தும்மல்கூட வருவதில்லை.

"பனியில யாராச்சும் சாவாகளா? வெயில் வந்தா எந்திரிச்சு வந்துருவாக" என்பாள் அத்தை. காரியம் செய்யும் பேச்சை எடுத்தால் அப்பாவோடு சண்டைக்குப் போவாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, மழை தண்ணி பற்றிப் பேசி அனுப்பிவிட்டாள்.

நூலகத்திலிருந்து நான் தூக்கிவந்தது ஏதோ குளிர்நாட்டுக் கதையின் தடித்த மொழிபெயர்ப்பு. அட்டை கிழிந்து, எழுதியவர் பெயரும் அதோடு போயிருந்தது. மத்தியானம் அத்தை உளுந்து புடைப்பாள், நான் வாசிப்பேன். வாயில் நுழையாத பெயர்களைத் தள்ளிவிட்டு, தச்சர், தச்சர் பொஞ்சாதி, குடிகாரப் பய என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். அவர்கள் ஓயாமல் டீ குடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. நாள் தவறாமல் முட்டைக்கோஸ் தின்பதை மட்டும் தாங்க முடியவில்லை. "சோறு வடிக்கத் தெரியாத சனம், பாவம்" என்றாள். வெளியூர் வேலைக்குப் போன தச்சர் மாதக்கணக்கில் திரும்பாதபோது அந்தப் பொஞ்சாதியைவிட இவள்தான் தைரியமாக இருந்தாள். "வந்துருவாக, நீ வாசி."

தச்சர் கிளம்பித்தான் வந்தார், பாதி வழி. பனி முழங்கால்வரை ஏறியது, பிறகு இடுப்புவரை. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். நான் பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதுபோலக் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்கப் பனி அவரை மூடிக் கிடந்தது. பிறகு வெயில் வந்தது, பனி உருகியது. தச்சர் மடியில் உளிப்பையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தை புடைப்பதை நிறுத்தினாள்.

"வெயில் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு அத்தை."

"எந்திரிக்கலையா?"

"இல்ல. செத்துட்டாருன்னு போட்டிருக்கு."

சிந்திய உளுந்தைப் பொறுக்கிச் சுளகில் போட்டுக்கொண்டே கேட்டாள். "வலிச்சிருக்குமா? நல்லாப் பாத்துச் சொல்லு ஆத்தா."

வாசித்து முடித்த பக்கங்களைத் திரும்பப் புரட்டித் தேடினேன். "தூக்கம் வந்துச்சுன்னுதான் இருக்கு. குளிரே தெரியலையாம்."

சுளகை ஓரமாக வைத்துவிட்டு அத்தை கொல்லைப்பக்கம் போனாள். என் வாசிப்பில் உருகிவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்த அப்பாவிடம், "அண்ணே, அவுகளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுருங்க" என்றாள். அப்பா கால்கூடக் கழுவாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஒரு வருட அழுகையையும் சேர்த்து அத்தை அழுதாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து மீதிக் கதையை வாசித்தேன். தச்சரின் மகளுக்குக் கல்யாணம் ஆகிறது, பேரன் பிறக்கிறான், அவனுக்குத் தாத்தாவின் பெயரையே வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நுழைந்து, "அத்தை, இதக் கேளு" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள். சந்தோஷமான இடமெல்லாம் இனிமேல்தானே வருகிறது, அதற்குள் அத்தை அவசரப்பட்டு அழுதுவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.