வாய்க்கால் கரைக் கஞ்சா

களை மருந்து அடிப்பவருக்கு ஊரார் வைத்த பெயர் ‘அவசரம்’. பேருந்து நிற்பதற்குள் இறங்கி, முன்பல் இரண்டைச் சாலைக்குத் தானம் கொடுத்தவர். ஆனால் தொழிலில் சுத்தம். காற்று வீசினால் மருந்து டேங்க்கைத் தொடமாட்டார். முப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் தொட்டார்.

அவருடைய அக்கா வாய்க்காலை ஒட்டி ஒரு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தாள். கரை நெடுகக் காட்டுக் கஞ்சா ஆளுயரம் நிற்கும். இப்போது யாரும் விதைப்பதில்லை. எப்போதோ கயிறு ஆலைக்கு நார் எடுக்கப் பயிரிட்டது. ஆலையை மூடிய பிறகும் செடி போகவில்லை. ஆசைப்பட்டுப் புகைத்துப் பார்த்தவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். விதை தின்ன வரும் குருவிகள் தக்காளிப் புழுவையும் பொறுக்கியதால் அக்கா அதை விட்டுவைத்திருந்தாள்.

ஒரு நாள் புதிதாக வந்த போலீஸ்காரர் ஜீப்பை நிறுத்தினார். “யாரும்மா இந்த நிலத்துக்காரங்க? ஒரு வாரம் டைம். செடி இருந்துச்சு, கேஸ்தான்.”

அன்றே அக்கா தம்பியிடம் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை நாலு பேரைக் கூட்டி வேரோட பிடுங்கிடலாம்டா.”

“நாலு பேர் எதுக்குக்கா? நான் மருந்தடிச்சா அரை மணி நேர வேலை.”

“காய் பழுக்கிற நேரம். மருந்து வேண்டாம்னா வேண்டாம்.”

தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் காவல் நிலைய வாசலில் நிற்பதை நினைத்த பிறகு ஞாயிறு வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து டேங்க்கை மாட்டினார். காற்று இருந்தது. வயல் பக்கமாகத்தான் வீசியது. தெரிந்தேதான் அடித்தார்.

மூன்றாம் நாள் கஞ்சா தலை சாய்ந்தது. தக்காளியும்தான். இலையெல்லாம் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, காய்கள் பழுக்காமலே வெம்பின. அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றாள். அவ்வளவுதான்.

போலீஸ்காரர் திரும்பி வரவே இல்லை, அவருக்கு மாற்றலாகிவிட்டது. கஞ்சா அடுத்த மழைக்கே முளைத்தது. அக்கா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள்.

தம்பி மாதம் ஒரு முறை அவளைப் பார்க்கப் போவார். சொல்ல நினைத்த வார்த்தையை வழியெல்லாம் மென்றுகொண்டே போய், விழுங்கிவிட்டுத் திரும்புவார். ஆறாவது வருடம், அவள் படுத்த படுக்கையான பிறகுதான் அது வாயில் வந்தது.

“உன் தக்காளியை நான்தான்க்கா அழிச்சேன்.”

“தக்காளி போனா போகுது, அடுத்த வருஷம் போட்டிருக்கலாம். வேண்டாம்னு சொன்னேனே. என் பேச்சுக்கு அவ்வளவுதானா மதிப்புன்னுதான்டா எனக்கு மனசு விட்டுப்போச்சு.”

அவள் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். இருட்டியதும் வழக்கம்போல ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார். பத்து நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பத்து நாளும் அங்கேயே தங்கியிருக்கலாம், யார் வேண்டாமென்றார்கள் என்று இப்போதும் பார்த்தவரிடமெல்லாம் சொல்கிறார்.