தைலமரத்துக் கவையில் ஒரு மத்தியானம்

காற்றே இல்லாத ஒரு காலை நேரத்தில், வீட்டின் பின்பக்கம் நின்ற தைலமரத்திலிருந்து தொடை கனத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. துணி காயப்போடும் கம்பி அறுந்து, ஈரப் போர்வைகள் மண்ணில் புரண்டன. பம்பரம் அக்கா அப்போதுதான் காலிக் கூடையோடு சமையலறைப் படியில் கால் வைத்திருந்தார். புயலடித்து விழுந்திருந்தால்கூட மனசு சமாதானமாகியிருக்கும். ஒரு இலைகூட அசையாத நேரத்தில், யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்டதுபோல் விழுந்ததைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பம்பரம் என்பது கொழுந்தன் வைத்த பட்டப்பெயர். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் ஹெட்போன், அதிலிருந்து மேசைக்கு ஒரு வயர். ஷிப்ட் முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. "பதறாதீங்க, வார்டு நம்பர் மட்டும் சொல்லுங்க", "இருங்க, எலும்பு டாக்டருக்கு லைன் கொடுக்குறேன்" என்று அவர் சொல்வதைக் கேட்பவர்கள், மறுமுனையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கதையே வேறு. நின்றுகொண்டே சாப்பிடுவார். டிவியைத் துடைத்துக்கொண்டே டிவி பார்ப்பார். "எங்க வீட்டம்மா ஒரு இடத்துல முழுசா உட்கார்ந்து நான் பார்த்தது பல் டாக்டர் நாற்காலியிலதான்" என்பார் கணவர்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று தம்பியே கேலி செய்வான். அன்று சாயங்காலம், விழுந்த கிளையைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"காய்ஞ்ச கிளை. விழுந்துடுச்சு. பார்த்துக்கலாம்."

"எதைப் பார்த்துக்கறது? அந்தப் பெரிய கிளை விழுந்தா நேரா பாப்பா கட்டில் மேலதான் விழும்."

அது உண்மைதான். மரம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்து, அங்கே ஒரு கவையாக இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பிரிவு நேராக வானத்தைப் பார்த்துப் போனது. இன்னொன்று மகளின் அறைக்கு மேலே, ஓட்டுக்கூரையைத் தொட்டும் தொடாமலும் சாய்ந்து கிடந்தது.

"பாப்பாதான் அடுத்த மாசம் வேலைக்குக் கிளம்பறாளே. அப்புறம் அந்த ரூம்ல யார் படுக்கப் போறா?" என்றார் அவர்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை இறக்கி, மறுபடி முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

மரம் வெட்டுபவர்களைத் தேடிப் பார்த்தார். ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. இன்னொருவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார், போய்விட்டார். கயிறு, பெல்ட், தலைக்கவசம் என்று எல்லாம் வைத்திருந்த ஒரே ஒரு குழு, அடுத்த மாதக் கடைசியில்தான் முடியும் என்றது. அதற்குள் மகள் போயிருப்பாள். ஆஸ்பத்திரியில் லைன் கொடுக்கும் இடைவெளியில் எல்லாம் அக்காவின் கண்ணுக்குள் அந்தக் கிளை ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில், மெஷின் ஒன்றை வாங்கி நாமே அறுத்துவிடுவது என்று முடிவுகட்டினார்.

கொழுந்தனுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. எதைப் பற்றியும் அவனுக்கு ஒரு தீர்ப்பு உண்டு.

"வாங்கினா பெட்ரோல் மெஷின்தான் அண்ணி. பேட்டரியெல்லாம் பொம்மை. கேக் வெட்டலாம்."

கருவிகள் விற்கும் கடையில் நின்ற பெண் கேட்ட முதல் கேள்வி வேறு. "மரம் எவ்வளவு கனம்? நீங்கதான் பிடிக்கப் போறீங்களா?"

"நான்தான்."

அந்தப் பெண் ஏற இறங்கப் பார்க்கவில்லை. அதுவே அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. பெட்ரோல் மெஷினைக் கடைக்குப் பின்னால் எடுத்துப் போய்க் கையில் கொடுத்தாள். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனபிறகு அது உறுமியது. அந்த உறுமல் அக்காவுக்கு உள்ளூர ஒரு குஷியைக் கொடுத்தது. ஆனால் கையை நீட்டிப் பிடித்தபோது முனை தானாகக் கீழே இறங்கியது. எவ்வளவு முயன்றும் நிமிரவில்லை.

"முனையில கவனம் ரொம்ப முக்கியம்கா. முனையோட மேல்பக்கம் கட்டையில பட்டுச்சுன்னா மெஷின் எகிறி நம்ம முகத்துக்கே வரும். கையில நிக்காத மெஷின் வேண்டாம்."

அடுத்து மின்சாரத்தில் ஓடும் மெஷினைக் காட்டினாள். நல்ல லேசு. நீளமாக வயர் தொங்கியது.

"வயரா? வேண்டாம்மா. நாள் முழுக்க வயரோடதான் கட்டிக் கிடக்குறேன்."

இப்படியாகப் பேட்டரி ரம்பம் வீட்டுக்கு வந்தது. முழங்கை நீளத்துக்குத் தகடு, அதைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி, அதற்கு ஊற்றும் எண்ணெய். கணவர் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைக்குப் போனார். சாயங்காலம் வரும்போது, பக்கவாட்டிலும் மூடிய தடித்த கண்ணாடி ஒன்றை, அக்காவின் பவரிலேயே செய்து கொண்டுவந்திருந்தார்.

"தூள் பறக்கும். இதைப் போட்டுக்க" என்றார். அவ்வளவுதான்.

முதல் நாள் ரம்பம் ஓடியது, ஆனால் அறுக்கவில்லை. கீழே கிடந்த கிளையில் வைத்து அழுத்தினால் கட்டை கருகியது, புகை வந்தது. கொழுந்தன் கைகட்டி நின்றான். "நான் சொல்லல?" அக்கா ரம்பத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "பல்லு எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

சங்கிலி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. மாட்டியது கொழுந்தன். அவன் உடனே பெயிண்ட் கடையில் ஒரு முக்கியமான வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான்.

அதற்குப் பிறகு ரம்பம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உடை மாற்றி, கையுறையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அக்கா பின்பக்கம் போய்விடுவார். தரையில் நின்று எட்டக்கூடிய சிறு கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும், அப்புறம் மேலிருந்து. இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும். அடிமரத்துப் பட்டை உரிந்துபோன பிறகே அக்கா இதைக் கற்றார். ரம்பம் கட்டையில் சிக்கிக்கொண்டால் இழுக்கக்கூடாது, நிறுத்திவிட்டுக் கிளையைத் தூக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. வீடு முழுக்கத் தைல வாசனை. ஜலதோஷம் பிடித்தவர்கள் யாராவது வந்தால் சும்மாவே குணமாகிவிடும் என்றாள் மகள்.

சிறு கிளைகள் தீர்ந்தன. கூரைமேல் சாய்ந்தது மட்டும் இருந்தது.

"அதைத் தொடாத. ரோப் வச்சிருக்கறவங்க வரட்டும்" என்றார் கணவர்.

"சரி" என்றார் அக்கா.

சொன்னபோது நிஜமாகவே சரி என்றுதான் நினைத்தார். ஆனால் லீவு நாள் ஒன்று வந்தது. கணவர் கடைக்குப் போயிருந்தார், மகள் பயணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். அக்கா வீட்டைப் பெருக்கினார், துடைத்தார், காய்ந்த துணியை மடித்தார், மடித்ததைப் பிரித்து இன்னும் சின்னதாக மடித்தார். மகளின் அறைக் கதவைத் திறந்தார். கட்டில்மேல் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அலமாரியில் பாதித் தட்டு காலி. கதவைச் சாத்திவிட்டு நேராகப் போய் ஏணியை எடுத்து மரத்தில் சாத்தினார்.

ஏணிமேல் நின்று ரம்பத்தை ஓட்டக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு காலை ஏணியிலும் ஒரு காலை மரத்தின் கவையிலும் வைத்துக்கொண்டார். ஏணியில் நிற்கவில்லை என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டார். அடியிலிருந்து அறுக்கக் கை எட்டவில்லை. மேலிருந்தே அறுத்தார்.

பாதிகூடப் போகவில்லை. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கிளை பிளந்து, நுனி கூரையில் இடித்தது. பிளந்த அடிப்பக்கம் திரும்பி அடித்து ஏணியைத் தள்ளியது. அக்கா ரம்பத்தை விட்டுவிட்டு, எதிரே நின்ற தண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். கண்ணைத் திறந்தபோது கிளை பாதி பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது, ஏணி அதற்கு அடியில் வளைந்து கிடந்தது. ரம்பம் புல்லில் விழுந்து, ஓட்டம் நின்று கிடந்தது. அவர் மரத்தின் கவையில் உட்கார்ந்திருந்தார்.

காலை அசைத்துப் பார்த்தார். உடைந்ததாகத் தெரியவில்லை. முழங்கை மட்டும் உரிந்து எரிந்தது. கீழே பார்த்தார். குதிக்கிற உயரம் இல்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார். யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சமையலறையில் அவர் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எத்தனையோ பேருக்கு லைன் கொடுத்தவருக்குத் தன் போனை எடுக்க வழியில்லை. எரிச்சலில் தண்டைக் கையால் குத்தினார். இடது பக்கம் நகர்ந்தார், வழுக்கியது. வலது பக்கம் நகர்ந்தார், அதுவும் வழுக்கியது. அசையாமல் உட்காருவதைத் தவிர வேறு வழியே இல்லை. நெஞ்சு மட்டும் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து கூரை தெளிவாகத் தெரிந்தது. மகளின் அறைக்கு மேலே நாலைந்து ஓடுகள் நொறுங்கி, ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாகக் கட்டில் தெரிந்தது. திறந்த பெட்டிக்குள், மடித்து வைத்த துணிகளின்மேல் ஓட்டுத் துண்டும் தைல இலையுமாகக் கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா தண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மகள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் தேடிவிட்டுப் பின்பக்கம் வந்தாள்.

"அம்மா?"

"மேல இருக்கேன்."

"அங்க என்னம்மா பண்ற?"

"உட்கார்ந்திருக்கேன்."

மகள் ஏணியைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் போன் பண்ணினாள். பெயிண்ட் அடிக்கும் பெரிய ஏணி சித்தப்பாவிடம் இருந்தது. ஆனால் அவன் ஊரின் மறுகோடியில் இருந்தான்.

"வர நேரமாகுமாம். அடி பட்டிருக்கா? தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்ல. உன் துணியெல்லாம்தான் பாழாப்போச்சு."

"துணி கிடக்குது விடு." அறுத்துப் போட்ட ஒரு கட்டைமேல் அவள் உட்கார்ந்தாள். கூரை ஓட்டையை மறுபடி அண்ணாந்து பார்த்தாள். "கிளை என் மேல விழுந்துடும்னு பயந்து, நீயே தள்ளிவிட்டுட்டியேம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டார்.

"நான் போறது உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்காமலா பெட்டி வாங்கிக் கொடுத்தேன்? நீ போறதுக்குள்ள எதையாவது முடிச்சிடணும்னு பறக்குது எனக்கு. என்னன்னு சொல்லத் தெரியல. இதாவது முடியட்டும்னு பார்த்தேன்."

"நான் போனப்புறம் என்ன பண்ணுவ?"

"தெரியல."

கேட்ட கேள்விக்கு அம்மா தெரியாது என்று சொல்லி மகள் கேட்டதில்லை. அவள் காலடியில் கிடந்த பட்டையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பெட்டியை அடுக்கறேன், பிரிக்கறேன், மறுபடி அடுக்கறேன். ராத்திரி எந்திரிச்சு ரூமுக்குள்ளயே நடக்கறேன். உன்னை மாதிரியே ஆயிட்டேன்."

"நல்லதா ஒண்ணு உன் அப்பாகிட்ட இருந்து எடுத்துட்டு வந்திருக்கக் கூடாது?"

அந்த நேரத்தில் அப்பா வந்தார். தெருமுனையிலிருந்து ஓடி வந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இறங்குடி!" என்றார்.

"ஏணி இல்லைங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். மெஷினைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், பார்த்துக்கலாம் பார்த்துக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்த தன் வாயைத் திட்டினார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. மேலே இருந்தபடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார். கொழுந்தன் ஏணியோடு வந்தபோதும் அவர் திட்டி முடித்திருக்கவில்லை.

கூரையில் தார்ப்பாய் போட்டார்கள். கிளம்பும்வரை மகள் கூடத்தில் படுத்துக்கொண்டாள். அக்கா அந்த மரம் வெட்டும் குழுவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஆபத்தாகத் தொங்கும் கிளை என்றதும் அவர்கள் முன்னாடியே வந்தார்கள். கயிறு கட்டி, மரம் முழுவதையும் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக இறக்கினார்கள். தொங்கிய கிளையைப் பார்த்து, "யாரும்மா இதை இப்படி அறுத்தது?" என்று கேட்டார் மேலே ஏறியவர்.

"ஒரு பைத்தியக்காரி" என்றார் அக்கா.

ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணவர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. அடிமரத்துத் துண்டுகளைத் தரையில் மரச்சட்டத்தின்மேல் கிடத்தி, சாயங்காலங்களில் அறுத்தார். சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், எண்ணெய் ஊற்றுவதும், பல்லை அரத்தால் தீட்டுவதும் கைக்கு வந்துவிட்டன. தரையில் நின்று செய்யும்வரை கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகள் ஒரு காலை நேரத்தில் கிளம்பினாள். மரம் போன இடத்தில் வெயில் நேராக அவள் அறைக்குள் விழுந்தது. அக்கா திரைச்சீலைக்கு அளவெடுத்தார், கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினார், பிடிக்காமல் திரும்ப நகர்த்தினார். அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாத வானம் அவருக்கு என்னவோபோல் இருந்தது.

இரவு சாப்பாட்டு நேரத்தில் மகள் போன் பண்ணினாள். போய்ச் சேர்ந்துவிட்டேன், ரூம் பரவாயில்லை, ஜன்னல் சின்னதுதான் என்றாள். அக்கா போனைக் காதில் வைத்தபடி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். மறுமுனையில் மகளும் நடந்துகொண்டுதான் பேசுகிறாள் என்பது அவள் மூச்சில் தெரிந்தது.